வெயில் இல்லாத பன்னிரண்டு வாரம்

நெதர்கூம் கிராமத்தில் யாராவது மியூரியல் கிளாட்வொர்தியிடம் அபிப்பிராயம் கேட்டால், அவள் எழுந்து போய்க் கெட்டிலை அடுப்பில் வைப்பாள். தண்ணீர் கொதித்து, டீ ஊறி, பால் விட்டு, கோப்பை கைக்கு வந்து சேர்வதற்குள் கேட்டவருக்குக் கேள்வி மறந்துபோகும். இல்லாவிட்டால், இதைக் கேட்டிருக்கவே கூடாதோ என்று தோன்றிவிடும். எழுபத்து நாலு வயது வரை அவள் இப்படித்தான் காலம் தள்ளினாள். இந்த ஊரில் அது ஒரு குறையாகக் கருதப்படுவதில்லை. பக்கத்து வீட்டுக் கூரை தீப்பிடித்து எரிந்தாலும், கதவைத் தட்டித் தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு, நல்ல நாள் என்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிற ஜனங்கள் இவர்கள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தொன்பது வருஷம் சமையல்காரியாக இருந்தாள். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடியபோது, கடைசி நாள் ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சமைத்துப் போட்டுவிட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு சொல் பேசாமல் வீட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மணி அடிப்பவர்களில் மூன்றாவது கயிறு அவளுடையது. கல்யாணம் ஆகவில்லை. அந்தக் காலத்தில் ஒருவன் கேட்டதாகவும், அவள் கெட்டிலை வைக்கப் போய்விட்டதாகவும் மதுக்கடையில் ஒரு கேலி உண்டு. அப்பா போன பிறகு தனியாகவே இருந்தாள். வாய் திறக்காதவள் என்பதால் ஊரில் பாதி வீடுகளின் மாற்றுச் சாவி அவள் சமையலறை ஆணியில்தான் தொங்கியது. அந்தச் சாவிகளில் ஒன்று லென் வெஸ்ட்காட்டுடையது.

லென்னின் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், மரப்பாலத்தைத் தாண்டி, செங்குத்தான காட்டுச் சரிவின் அடியில் இருக்கிறது. கல் சுவர், வைக்கோல் கூரை, வாசலில் ரோஜாக் கொடி. படம் பிடித்துக் காலண்டரில் போடலாம், போட்டும் இருக்கிறார்கள். ஆனால் மலை வீட்டுக்குத் தெற்கே நிற்கிறது. நவம்பர் இரண்டாம் வாரம் வெயில் அந்த வீட்டை விட்டுப் போகும். பிப்ரவரி முதல் வாரம்தான் திரும்பும். அந்தப் பன்னிரண்டு வாரமும் பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்குப் போட்டுத்தான் அங்கே ரொட்டி நறுக்க வேண்டும். ஓடைக்கு இந்தப் பக்கம், மேட்டில் இருக்கும் மியூரியலின் வீட்டில் அதே நாட்களில் பதினொரு மணியிலிருந்து ஒன்றரை வரை நல்ல வெயில் விழும். இது ஊருக்கே தெரியும். யாரும் பேசமாட்டார்கள். ஒருவருடைய வீட்டைக் குறை சொல்வது அவர் பிள்ளையின் மூக்கைக் குறை சொல்வது போல இங்கே.

மார்ச் மாதம் லென் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். எண்பது வயது. மனைவி பெரில் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மகள் ஹெதர் டாண்டனில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே, முதியவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் ஓர் இடம் பிடித்தாள். மணி அடித்தால் ஆள் வரும், படியேற வேண்டாம். ஆனால் செப்டம்பருக்குள் ஓடைக்கரை வீடு விலைபோனால்தான் அந்த இடம் நிலைக்கும். படங்களை ஜூனில் எடுக்க வேண்டும் என்று வீட்டுத் தரகர் சொல்லிவிட்டார். அவருக்கும் ஊர் நிலவரம் தெரியும்.

"வர்றவங்களுக்கு நீ கதவைத் திறந்து விடு, மியூரியல்," என்றார் லென். "நான் நின்னுக்கிட்டு இருக்க முடியாது. நீதான் எதுவும் பேசமாட்டியே."

"கதவு திறக்கறதுக்குப் பேச்சு எதுக்கு," என்றாள் அவள்.

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே அறையில் படித்தவர்கள். நீ, வா, போ என்பதுதான் பேச்சு.

ஜூன் மூன்றாம் வாரம் பென்ஃபோல்ட் தம்பதி வந்தார்கள். லண்டன் ஓரத்துக் குராய்டனிலிருந்து. கிளைவ் முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, பெரிய குரல். அவர் மனைவி லொரேன் மெலிந்தவள். ஒரு தொடக்கப் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தவள். லண்டன் வீட்டை விற்றுவிட்டு நாட்டுப்புறத்தில் வந்து தங்குவது என்று முடிவு செய்து, நாலு மாவட்டம் சுற்றி, பதினாலு வீடு பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

மியூரியல் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றாள். ஜூன் மாத வெயில் சமையலறைத் தரைக் கற்களில் அறை முழுக்கப் பரவிக் கிடந்தது. லொரேன் அதன் நடுவில் போய் நின்று கோட்டைக் கழற்றினாள்.

"கிளைவ், இந்த வெளிச்சத்தப் பாரு," என்றாள்.

"பாத்துட்டேன்மா, பாத்துட்டேன். கூரையப் பாக்கறேன் நான். எலி இருக்குமா, மிஸ் கிளாட்வொர்தி?"

"மியூரியல்னே கூப்பிடுங்க. எலி எல்லா வீட்லயும்தான் இருக்கு."

கிளைவ் தோட்டத்துக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது லொரேன் மியூரியலின் பக்கத்தில் வந்து நின்றாள். முன்பின் தெரியாதவர்களிடம் மனதைத் திறப்பது இந்த ஊரில் இல்லாத பழக்கம். லண்டன்காரி என்பதால் மன்னிக்கலாம்.

"எனக்கு ஒவ்வொரு குளிர்காலமும் படுக்கையிலதாங்க போகுது," என்றாள் அவள் தணிந்த குரலில். "எங்க ஃப்ளாட் வடக்குப் பாத்தது. நவம்பர் வந்தாப் போதும், எழுந்திருக்கவே முடியாது. போன டிசம்பர்ல... வேணாம், அத சொல்லக் கூடாது. டாக்டர் மாத்திரையும் குடுத்தாரு, வெளிச்சம் இருக்கற எடமாப் பாத்துப் போங்கன்னும் சொன்னாரு. அதுக்காகத்தான் இவரு பாவம் பஸ் கூட்டாளிங்க எல்லாரையும் விட்டுட்டு வர்றாரு. இங்க வந்து நின்னதும் தெரிஞ்சுபோச்சு. இதுதான்னு."

மியூரியலின் கை தானாக அடுப்புப் பக்கம் நகர்ந்தது. அது லென்னின் அடுப்பு, அவளுடையது அல்ல.

"கோடையில ரொம்ப அழகா இருக்கும்," என்றாள்.

உள்ளூர்க்காரியாக இருந்திருந்தால் லொரேன் அந்த ஒரு வாக்கியத்திலேயே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள். அவள் சிரித்துத் தலையாட்டினாள்.

அன்று மாலை மியூரியலுக்கு நினைவெல்லாம் பெரில்.

பெரில் இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தவள். முதல் குளிர்காலத்திலேயே ஒரு நாள் பதினொரு மணிக்குப் பாலத்தைக் கடந்து வந்து மியூரியலின் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சர்ச்சுக்கு முட்டி போடும் மெத்தைக்கு உறை தைக்கப் பழக வேண்டும் என்றாள். மறுநாளும் வந்தாள். பிப்ரவரியில் வெயில் அந்தக் கரைக்குத் திரும்பியதும் நின்றுவிட்டாள். அடுத்த நவம்பரில் மறுபடி வந்தாள். மியூரியல் பள்ளிக்கூடத்து வேலையில் இருந்த வருஷங்களில் சாவியை வாசல் கல்லுக்கடியில் வைத்துவிட்டுப் போவாள். சனி ஞாயிறும் விடுமுறையும் இருவரும் சேர்ந்து உட்காருவார்கள். மியூரியல் ஓய்வு பெற்ற பின் தினமும். இப்படி நாற்பத்தொரு குளிர்காலம். அத்தனை காலத்தில் அவர்கள் தைத்து முடித்தது மூன்றே மூன்று மெத்தை. பெரில் ஊசியை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வாள். சில வருஷம் அழுவாள். மியூரியல் கெட்டிலை வைப்பாள். வெயில் என்ற வார்த்தையை இருவரில் ஒருவரும் ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை.

ஒரு ஜனவரியில், ஹெதர் பிறந்த மறு வருஷம், பெரில் பதினொரு மணிக்கு வரவில்லை. மியூரியல் தேடிக்கொண்டு போனாள். பாலத்துக்குக் கீழே, இடுப்பளவுத் தண்ணீரில், பெரில் நின்றுகொண்டிருந்தாள். கையைப் பிடித்துக் கூட்டி வந்து, துணி மாற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்தாள். கால் வழுக்கிவிட்டது என்றாள் பெரில். ஆமாம், பலகை வழுக்கும் என்றாள் மியூரியல். அவ்வளவுதான்.

லென் மாவட்ட நிர்வாகத்தின் சாலைப் பணியாளராக இருந்தவர். விடியுமுன் மண்வெட்டியோடு கிளம்பினால் இருட்டிய பின் திரும்புவார். பகல் முழுக்க வெளியே திறந்த சாலையில். வீட்டுக்குள் வெயில் வருகிறதா இல்லையா என்று அவர் உடம்புக்குத் தெரிய வழியில்லை. நல்ல மனுஷர், கெட்ட வார்த்தை பேசாதவர், மனைவி மேல் உயிரையே வைத்திருந்தவர். கேட்டிருந்தால் எதையும் செய்திருப்பார். அதுதான் மியூரியலின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

பத்து நாள் கழித்து பென்ஃபோல்ட் தம்பதி மறுபடி வந்தார்கள். மியூரியல் வாசலில் நிற்கும்போதே கிளைவ் காரிலிருந்து இறங்கி முழங்கினார்.

"முடிவாயிடுச்சுங்க! மேட்டுத் தெருவுல ஒரு வீடு காட்டினாங்க, நாலாம் நம்பர். சாம்பல் சுவரு, வாசல்லயே பஸ் ஸ்டாப். நான் சொன்னேன், வாழ்க்கை பூரா பஸ்ஸுக்குள்ளதான் இருந்தேன், இனி ஜன்னலத் தொறந்தாலும் பஸ்ஸுதானான்னு. இவ இந்த வீட்ட விட்டு வேற எதையும் நெனைக்கல. நாளைக்கு மூணு மணிக்கு உங்க லென் டீக்குக் கூப்பிட்டிருக்காரு. கை குலுக்கிடலாம்."

"நாலாம் நம்பர்," என்றாள் மியூரியல். மேட்டுத் தெரு மலைக்கு மேலே, எல்லாப் பக்கமும் திறந்து கிடக்கிறது. காற்று அறையும். டிசம்பரில்கூடக் காலையிலிருந்து அஸ்தமனம் வரை அங்கே வெயில் படும்.

லொரேன் தோட்டத்தில் நின்று எங்கே தக்காளி, எங்கே பட்டாணி என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மியூரியல் பாலத்தைக் கடந்து லென்னிடம் போனாள். அவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, கேக் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"லென், அவங்ககிட்ட வெயில் விஷயத்தச் சொல்லிடு."

லென் அவளை நிமிர்ந்து பார்த்தார். யாரும் கேட்காமல் அவள் ஒன்றைச் சொல்லி அவர் பார்த்ததே இல்லை.

"எந்த வெயில்?"

"உனக்குத் தெரியும்."

"ஓ, அதா. விளக்குப் போட்டா தீந்துபோச்சு. எல்லா வீட்லயும் ஒரு கொறை இருக்கும். உன் வீட்டுப் புகைக்கூண்டு காத்தடிச்சா கக்கல?"

"அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல. இருட்டு ஆகாது. டாக்டரே சொல்லியிருக்காரு. தெரியாம வாங்கறா."

"அவளுக்குக் கண்ணில்லையா? மலை அங்கதான நிக்குது, நான் என்ன மறைச்சா வெச்சிருக்கேன்?" லென்னின் குரல் உயர்ந்தது. "செப்டம்பருக்குள்ள முடியலன்னா அந்த எடம் போயிடும். நான் இந்தப் படியில இன்னொரு தடவ விழுந்து கெடக்கணுமா? பெரில் நாப்பத்தோரு வருஷம் இங்க இருந்தா. ஒரு நாள் மூச்சு விட்டிருப்பாளா?"

மியூரியல் உட்கார்ந்தாள். கெட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"பெரில் நாப்பத்தோரு வருஷம் என் வீட்டுக்கு எதுக்கு வந்தா தெரியுமா?"

"மெத்தை தைக்க. மூணு மெத்தை. சர்ச்சுல முட்டி போட ஆளே இல்லாம போனப்புறமும் தச்சுக்கிட்டுதான் இருந்தீங்க. நானே கேலி பண்ணியிருக்கேன்."

"வெயிலுக்கு வந்தா, லென். நவம்பர்லருந்து பிப்ரவரி வரைக்கும். உக்காந்து அழுவா. ஹெதர் கைக்குழந்தையா இருந்தப்ப ஒரு நாள் ஓடைக்குள்ள எறங்கி நின்னா. நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

லென் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எண்பது வயது மனிதரின் முகம் அப்படி ஆவதைப் பார்ப்பது கொடுமை. மியூரியல் பார்த்தாள். பார்த்தே ஆக வேண்டும் என்று இருந்தாள்.

"வெளிய போ," என்றார் அவர்.

போனாள். ஆனால் மூன்று மணிக்குச் சாவிக்காரியாக மறுபடி வர வேண்டியிருந்தது. பென்ஃபோல்ட் தம்பதி அவளையும் டீக்கு இருக்கச் சொன்னார்கள். லென் மேஜையின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தார். கேக்கை யாரும் வெட்டவில்லை. அவர் சொல்லாவிட்டால் தானே சொல்வது என்று மியூரியல் தீர்மானித்திருந்தாள்.

கிளைவ் கையை நீட்டினார். லென் அதைப் பற்றவில்லை.

"உக்காருங்க," என்றார். "நவம்பர் ரெண்டாம் வாரத்துலருந்து பிப்ரவரி வரைக்கும் இந்த வீட்ல வெயில் விழாது. ஒரு சொட்டு விழாது. அந்த மலை தடுத்துடும். உங்க வீட்டம்மாவுக்கு இது ஆகாது."

கிளைவின் கை மேஜை மேல் அப்படியே நின்றது. லொரேன் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மலையைப் பார்த்தாள், முதல் தடவையாக.

"உங்க மனைவி எப்படிங்க இருந்தாங்க?" என்று கேட்டாள்.

லென் வெட்டாத கேக்கைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வீடு விலைக்கு வந்துச்சு. மேட்டுத் தெருவுல ஒண்ணு, இது ஒண்ணு. ஜூன் மாசம் அவளக் கூட்டிட்டு வந்து காமிச்சேன். எப்படி இருக்குன்னு கேட்டேன். அழகா இருக்குன்னா. வேற என்ன சொல்லுவா? அதுக்கு முந்தின நாளே நான் வீட்டுக்காரனுக்குக் கை குடுத்துட்டேன். அது அவளுக்கும் தெரியும்."

லொரேன் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தாள். இந்த ஊரில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். லென் அந்தக் கையை விலக்கவில்லை.

ஆகஸ்டில் பென்ஃபோல்ட் தம்பதி மேட்டுத் தெரு நாலாம் நம்பருக்குக் குடிவந்தார்கள். கிளைவ் வாசலில் நின்று ஒவ்வொரு பஸ் டிரைவரிடமும் குறை கண்டுபிடிப்பதாகப் பேச்சு. ஓடைக்கரை வீட்டைப் பார்க்க இன்னும் நாலு பேர் வந்தார்கள். லென் நாலு பேரிடமும் வாசலிலேயே விஷயத்தைச் சொன்னார். நாலு பேரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். செப்டம்பரில் டாண்டன் இடம் வேறொருவருக்குப் போயிற்று. ஹெதர் தொலைபேசியில் அழைத்தாள். "மியூரியல் ஆன்ட்டி, உங்க வாழ்க்கையில நீங்க ஒரு வார்த்த பேசினதில்ல. எங்கப்பா விஷயத்துலதான் பேசணும்னு தோணுச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். கேட்டது நியாயம்தான்.

லென் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தார். சர்ச்சில் எதிரே வந்தால் தொப்பியைத் தொடுவார், அதோடு சரி. இந்த ஊரார் மரியாதைக்குக் குறைச்சல் வைக்கமாட்டார்கள், கொல்லும்போதுகூட. மாற்றுச் சாவியை வாங்கிக்கொள்ள ஆள் அனுப்பினார். இன்னும் இரண்டு வீட்டாரும், காரணம் சொல்லாமல், தங்கள் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

நவம்பரில் வெயில் அந்தக் கரையை விட்டுப் போன மறுநாள், பதினொரு மணிக்கு, கதவு தட்டப்பட்டது. லென் கைத்தடியோடு நின்றிருந்தார். பாலத்தை அவர் எப்படிக் கடந்தார் என்பதே ஆச்சரியம். மூச்சு வாங்கியது. எதுவும் கேட்காமல் உள்ளே வந்து, ஜன்னலோர நாற்காலியை அவரே கண்டுபிடித்து உட்கார்ந்தார். மியூரியல் அடுப்புப் பக்கம் போனாள்.

"கெட்டில வெக்காத," என்றார் லென். "உக்காரு. ஒண்ணு கேக்கணும்."

உட்கார்ந்தாள்.

"மேட்டுத் தெருவுல எத்தனையோ தடவ வீடு காலியாச்சு. எம்பத்தாறுல ஒண்ணு. தொண்ணூத்தி ரெண்டுல ரெண்டு. நீ என்கிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அடுத்த நாளே மாறியிருப்பேன். அவளத் தண்ணியிலருந்து கூட்டிட்டு வந்த அன்னிக்காவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல?"

"அது நான் சொல்ற விஷயமில்ல, லென். அடுத்தவங்க வீட்டு..."

"அத விடு. ஊர்ல எல்லாரும் சொல்றத நீயும் சொல்லாத. ஏன் சொல்லல?"

மியூரியல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம், மணிக் கயிறு, அப்பாவின் மரணம், எல்லாவற்றிலும் அவள் வாய் மூடியே வந்திருந்தது. இதைச் சொல்லிவிட்டால் அவளுக்கு இந்த ஊரில் மிச்சமிருக்கும் ஒரே ஆளையும் இழந்துவிடுவாள் என்று தெரிந்தது. சொன்னாள்.

"சொன்னா நீங்க ரெண்டு பேரும் மேட்டுத் தெருவுக்குப் போயிடுவீங்க. அங்க வெயில் இருக்கு. அப்புறம் அவ என் வீட்டுக்கு வர வேண்டியதில்ல." அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "எனக்கு வேற யாரும் வரல, லென். நவம்பர் எப்ப வரும்னு நான் வருஷம் பூரா எண்ணிக்கிட்டு இருப்பேன். அவ அழுதா. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எண்ணினேன்."

வெயில் லென்னின் முழங்காலிலிருந்து கைக்கு வந்து, கையிலிருந்து முகத்துக்கு ஏறியது. அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் நிழலில் கிடக்கும் தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மணிக்கு வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் கைத்தடியை ஊன்றி எழுந்தார். மியூரியல் கதவைத் திறந்துவிட்டாள்.

"நாளைக்கும் வருவேன்," என்றார் வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல். "உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. வெயிலுக்கு வர்றேன்."